பேய்த்தும்மட்டி பொடித்த கை

மருந்துச் செடி ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குப்பியும் என்று நினைப்பவர்கள், ஒரு மூட்டை காயைக் காயவைத்துப் பொடித்துச் சலித்துப் பார்த்ததில்லை. திருப்பதியில் ஒரு ஆய்வகத்தில் உதவியாளராக நான் பேய்த்தும்மட்டியோடு பட்டதை, இதே பிழைப்பில் அல்லாடும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஆற்று மணலில்

காய் பறிக்க சத்தியவேடு பக்கம் போனேன். பந்து அளவில், பச்சை வரியோடு, குட்டித் தர்ப்பூசணி மாதிரி மணலெங்கும் கிடந்தன. மழை கண்டு பல மாதமான மணலில் இந்தக் கொடி மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது? உட்கார்ந்து வேரைத் தோண்டினேன். முழங்கை ஆழம் போயும் முடியவில்லை.

ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி வந்து, எதற்கு இதெல்லாம் என்று கேட்டாள். மருந்துக்கு ஆகுமா என்று பார்க்கிறோம் என்றேன். அவளுடைய ஆடுகள் சுற்றிலும் புல்லைக் கடித்தன. கொடியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் காய் நிரப்பிய சாக்கைத் தூக்கிவிட்டபடி சொன்னாள்: "ஆடே துன்னாததை மனுசனுக்குக் குடுக்கப் போறீங்க. எதுக்கும் ஆட்டை ஒரு வார்த்தை கேட்டுக்குங்கம்மா."

தயிர்சாதம்

பொடித்த அன்று கையுறை போட்டிருந்தேன், மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். மதியம் என்னோடு வேலை செய்யும் மாதவிக்கு அவளுடைய தயிர்சாத டப்பாவைத் திறந்து கொடுத்தேன், அவ்வளவுதான். ஒரு வாய் வைத்ததும் துப்பினாள். தயிர் கெட்டுவிட்டது என்று அங்கேயே மாமியாருக்கு போன் போட்டுத் தெலுங்கில் பொரிந்தாள்.

எனக்குச் சந்தேகம். என் மணிக்கட்டை நாக்கு நுனியில் தொட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக ஏறிய கசப்பு சாயங்காலம் வரை இறங்கவில்லை. கழுவியும் போகாத அது எது, எண்ணெயில் கரையுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் விஷயத்தைச் சொன்னதும் மாதவி இரண்டாவது முறை போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அக்கா, காயோட கசப்பு சாயந்திரம் போயிடும். அத்தம்மாவோடது போகாது."

மூன்று பானை

பொடி வண்டை விரட்டுமா என்று பார்க்க குடிபாலாவில் கோவிந்தசாமி என்ற விவசாயியைப் பிடித்தோம். விதைக்கு வைத்திருந்த காராமணியை மூன்று பானையில் பிரித்தேன். இரண்டில் பொடி, ஒன்றில் எதுவும் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி, கொஞ்சம் பொடியும் விட்டுவிட்டு வந்தேன்.

மழைக்காலம் முடிந்து போய்த் திறந்தால் ஒன்றிலும் வண்டு இல்லை. சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. மூன்றாவதிலும் பொடி கிடந்தது. காத்தது பொடியா, அந்த வருஷம் வண்டே வரவில்லையா? இனிச் சொல்ல வழியில்லை. ஏன் போட்டீர்கள் என்றேன். அவர் கூச்சப்படவே இல்லை. "கெட்டுப்போவும்னு தெரிஞ்சே ஒண்ணை வுட்டு வைக்க நான் இன்னா படிச்சவனா?"

வாட்ச்மேன்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டம்தான். எங்கள் கட்டட வாட்ச்மேன் முனிரத்தினத்துக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. ஒருநாள், உள்ளே என்னம்மா நடக்குது என்று கேட்டார். தும்மட்டிச் சாறு கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவர் வேலைக்கு வரவில்லை. மூட்டையில் இருந்து ஒரு காயை எடுத்துப்போய்த் தின்றுவிட்டு, வாந்தியும் ரத்தபேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். அது என்ன காய் என்று டாக்டருக்குத் தெரியவில்லை. நான் ஒரு காயை எடுத்துக்கொண்டு ஓடி, இது கடும் பேதி மருந்து, அளவு மீறினால் விஷம் என்று சொன்னேன். தினமும் எலிக் கூண்டைக் கழுவியவள் நான். எலிகளின் பேதியில் ஈரமாகிக் கிடந்த உமியை வாரிக் கொட்டியவளும் நான். அது மட்டும் அவர் கேட்ட அன்று வாசலில் என் வாயில் வரவில்லை.

மூன்றாம் நாள் சலைன் பாட்டிலைக் கழற்றினார்கள், கஞ்சி குடித்தார். என்னைத் திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் கோபப்படவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "எலிக்குச் சக்கரை எறங்குச்சுன்னியே, அதுக்கு வயிறு எப்படிக் கீதுன்னு ஏம்மா சொல்லல?"

கேள்வி கேட்பதுதான் எங்கள் உத்தியோகம் என்றாலும், கேட்க வேண்டிய கேள்விகளை எப்போதும் வெளியாட்கள்தான் கேட்கிறார்கள்.