மூன்று கிகாபைட் பெருவிரல்

போன செவ்வாய்க்கிழமை மன்னார் டவுனில் ஒரு போன் கடையில் இரண்டு டேப்லெட்டுகளோடு நின்றேன். ஒன்று, கண்ணாடி வெடித்த பழையது. மற்றது, கனடாவிலிருந்து மகள் அனுப்பியது. பழையதில் உள்ளதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கடையில் இருந்த பிள்ளை இரண்டையும் தட்டிப் பார்த்தாள்.

"ஐயா, பழசு அறுபத்துநாலு கிகா. புதுசு முப்பத்திரண்டுதான். பாதியை விட்டிட்டுத்தான் வரோணும்."

பாதியை விட்டுவிட்டு வருவது எனக்குப் புதிதல்ல. நான்கு தடவை இடம்பெயர்ந்தவன். ஆனால் புதிதாக வரும் சாமான் பழையதைவிடச் சிறிதாக இருக்கும் என்று யார் கண்டது?

வீட்டுக்கு வந்து எண்ணினேன். முப்பது கிகா போக வேண்டும். காலை வணக்கப் பூக்கள், பகிடி வீடியோக்கள் எல்லாம் அழித்ததில் இருபத்தேழு போயிற்று. இன்னும் மூன்று...

கடதாசிப் படங்கள் இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது இருந்தன. மீள்குடியேறிய நாள் முதல், எந்த அரசாங்கக் கந்தோருக்குக் கடதாசி கொடுத்தாலும் கொடுக்குமுன் ஒரு படம், திருப்பி வாங்கியதும் ஒரு படம். குடும்ப அட்டை மட்டும் முப்பத்தேழு. அதில் கை வைக்க முடியுமா? நாளைக்கு யாராவது கேட்டால்?

அப்போதுதான் அந்த வீடியோ அகப்பட்டது. இருபத்திரண்டு நிமிடம். சரியாக மூன்று கிகா!

ஏழு வருடத்துக்கு முன் எடுத்தது. ஹனீபாவும் நானும் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் ஒரே கந்தோரில் பதினான்கு வருடம் கணக்கு வேலை செய்தவர்கள். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கைவிட்டு வெளியேற்றியபோது அவர் குடும்பத்தோடு புத்தளம் போக நேர்ந்தது. யுத்தம் முடிந்து எருக்கலம்பிட்டியில் தன் வளவை, வீடிருந்த காணியைப் பார்க்க வந்தபோது, நானும் கூடப் போய்ப் படம் பிடித்தேன். பிடித்தது முழுக்க என் பெருவிரலை.

"அதில உங்கட விரலைத் தவிர என்ன கிடக்கு? முதல்ல அதை அழியுங்கோ" என்றாள் மனைவி.

நியாயம்தான். ஆனாலும் அடுத்தவன் வளவு அல்லவா? ஹனீபாவுக்கு போன் எடுத்துக் கேட்டேன்.

"அழிச்சுப்போடாத மச்சான்!" என்று கத்தினார். "நீ அடி எண்ணினது அதில கேக்கும்தானே?"

விஷயம் இதுதான். அதற்குப் பிறகு பற்றைக்காட்டைப் புல்டோசர் தள்ளியபோது அவருடைய கிணறும் மண்ணோடு மூடப்பட்டுவிட்டது. பக்கத்து வளவு அவருடைய மச்சினனுடையது. கிணறு ஹனீபாவுடையது, எல்லை அதற்கு அப்பால் என்பதை மச்சினனும் ஒத்துக்கொள்கிறார். ஆனால் கிணறு எங்கே? வெள்ளிக்கிழமை அளக்க ஆள் வருகிறது. காட்டாவிட்டால் எல்லை கிணற்றுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடும்.

வெள்ளிக்கிழமை வளவில் எல்லோரும் டேப்லெட்டைச் சுற்றி நின்றோம். திரையில் என் பெருவிரல். சத்தத்தில் என் குரல். பள்ளிவாசல் மதில் மூலையிலிருந்து எண்ணிக்கொண்டு போகிறேன். நடுவில் ஹனீபா சிரிக்கிறார்: "கந்தோரில எண்ணினது காணாதா உனக்கு?" நான் நிறுத்தவில்லை. நாற்பத்தொன்று... நாற்பத்திரண்டு... நாற்பத்து மூன்று. "இந்தா கிணறு!"

அதே மூலையிலிருந்து திரும்ப நடந்தேன். நாற்பத்து மூன்றில் நின்றேன். அலவாங்குக் கம்பியால் குத்தினார்கள். மணல். இன்னும் குத்தினார்கள். மணல்தான்.

"எங்க நானா, கிணறு?" மச்சினன் ஹனீபாவைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

என் எண்ணிக்கை பிழைத்ததில்லையே?

ஹனீபா என் காலைப் பார்த்தார். "மச்சான், அண்டைக்கு உனக்கு முழங்கால் நோ இல்ல. இண்டைக்கு நீ கோழி நடை நடக்கிறாய். இன்னும் கொஞ்சம் போ!"

நாற்பத்து நான்கு... நாற்பத்தாறு... ஒவ்வொரு அடியிலும் குத்து. நாற்பத்தொன்பதில் அலவாங்கு 'டங்' என்றது. சீமெந்துக் கட்டு.

முதலில் சிரித்தவர் மச்சினன். "எண்ணினது சரி ஐயா, கால்தான் பிழை!"

ஏழு வருடத்தில் என் நடையும் ஆறு அடி சுருங்கிவிட்டது. டேப்லெட்டை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

முத்திரை குத்திய இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது கடதாசிகளில் ஒன்றாவது அந்தக் கிணறு எங்கே என்று சொன்னதா? வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு கடதாசியிலும் ஒரு படத்தை விட்டு மிச்சத்தை அழித்தேன். இடம் போதும் என்றது டேப்லெட். பெருவிரல் புதியதில் ஏறிவிட்டது.

குடும்ப அட்டை மட்டும் இரண்டு வைத்திருக்கிறேன்.