தாம்பரம் – ஸ்ரீபெரும்புதூர்: சார்ஜ் ஏறாத வண்டியும் ஒரு சிவப்பு ஒயரும்

முதலில் வரிசை. பாடம் நடத்திய காலத்திலிருந்தே இது இல்லாமல் எனக்கு எழுத வராது.

1. ஏன் போனேன், எப்போது போனேன்
2. வழி, தூரம், செலவு
3. வண்டி நின்றதும், அதற்குக் காரணமான மெக்கானிக்கின் கவனக்குறைவும்
4. பஸ் நிறுத்தத்தில் கண்டது
5. போகிறவர்களுக்கு

எனக்கு அறுபத்தெட்டு வயது. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். மகன் பெங்களூருக்கு மாறியபோது விட்டுச்சென்ற 150 சிசி வண்டியை ஓட்டுகிறேன். போன மாதம் தொலைபேசியில் அவன் ஒரு நிபந்தனை போட்டான். "ஒரு தடவை ரோட்ல நின்னாலும் வித்துடணும்ப்பா. இந்த வயசுல வண்டியத் தள்ளிக்கிட்டு நிக்காதீங்க." சரி என்றேன். அதற்குள் ஒரு நீண்ட பயணமாவது போய்விட வேண்டும் என்று தோன்றியது. ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போய்வரலாம், வழியில் புதிதாக முளைத்திருக்கும் தொழிற்சாலைகளையும் பார்க்கலாம் என்று சென்ற சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை 5.40. பழைய பேட்டரி இறங்கிப்போனதால் மெக்கானிக் கடையில் புதுப் பேட்டரி போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கையோடு கொண்டுபோகும் வோல்ட் மீட்டரில் 12.7 வோல்ட். நோட்டில் குறித்துக்கொண்டேன். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல். வீட்டிலிருந்து படப்பை 13 கி.மீ., ஒரகடம் 23. லாரிகளுக்குப் பயந்து முகப்பு விளக்கை எரியவிட்டே ஓட்டினேன். ஹாரனையும் தாராளமாக அடித்தேன். என் வண்டியில் இரண்டுக்குமே பேட்டரிதான் தீனி. ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுப்பதும் அதுதான். இதை அப்போது நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரகடம் தாண்டியதும் கண்ணில் பட்டதையெல்லாம் நின்று பார்க்கத் தோன்றியது. வயல் இருந்த இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரே சுவர். அதன் பின்னால் வெள்ளைக் கூரைகள். புத்தம்புதுக் கார்களை இரண்டடுக்காகச் சுமந்த நீள லாரி ஒன்று திரும்புவதற்காக மொத்தச் சாலையும் காத்திருந்தது. நானும் வாய் பிளந்து காத்திருந்தேன். அங்கிருந்து விளக்கு மங்கத் தொடங்கியது. 27ஆவது கிலோமீட்டரில், வல்லம் வடகால் அருகே ஒரு டீக்கடை வாசலில், வண்டி இருமிவிட்டு நின்றது. மணி 6.50.

"இன்னா பெர்சு, மக்கர் பண்ணுதா?" என்றார் டீக்கடைக்காரர். "இங்க கம்பெனி லைன்ல காரா தள்ளிக்கினு கீறானுங்க. உன் வண்டி ஒண்ணு ஓட மாட்டேங்குது பாரு."

நல்ல மனிதர். தன் வண்டியின் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து என் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். ஒயரை எடுத்ததும் மீட்டரை வைத்தேன். ஓடும் வண்டியில் 13.8இலிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். 11.8 காட்டியது. ஆக்சிலேட்டரை முறுக்கியும் ஏறவில்லை. ஆக, பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை. என்ஜின் காயிலிலிருந்து வரும் மஞ்சள் ஒயர்களைச் சோதித்தேன்; அங்கே மின்சாரம் சரியாக வந்தது. மிஞ்சியது, அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் ரெகுலேட்டர். அது எரிந்துவிட்டது என்று நோட்டில் எழுதினேன். அதற்குள் வண்டி மறுபடி நின்றது. நாற்பது நிமிடம் போயிருந்தது. டீக்கடைக் காயின் போனில் மகனுக்குப் பேசச் சட்டைப்பையில் ஒரு ரூபாய் நாணயங்களைத் தேடினேன்.

டீக்கடையை அடுத்த நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகச் சீருடையில் நின்ற மூன்று பெண்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அருகில் வந்தாள். பெயர் முத்துமாரி, ஊர் சங்கரன்கோவில் பக்கமாம். காருக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் வேலை.

"ஐயா, ஒயர இழுத்துப் பாத்தியளா?"

"மீட்டரில் பார்த்தேனம்மா."

"மீட்டரு கெடக்கட்டும். இழுத்துப் பாத்தியளா?"

"ஏட்டி, பஸ்ஸு வருது! கைய அழுக்காக்காத, சூப்பர்வைசர் வைவாரு" என்றாள் தோழி.

"வந்தா நிக்கச் சொல்லுட்டி, உனக்குத்தான் டிரைவரு நிப்பாட்டுவாருல்லா!"

ரெகுலேட்டரில் ஒயர்கள் வந்து சேரும் பிளக்கில் கை வைத்தாள். கண் பஸ் மீது இருந்தது. விரல்கள் மட்டும் ஒவ்வொரு ஒயராகச் சுண்டி இழுத்தன. நான்காவதாக இழுத்த சிவப்பு ஒயர் கையோடு வந்தது.

"கிளிக் விழல. எங்க லைன்ல தள்ளணும், சத்தம் கேக்கணும், இழுக்கணும். மூணுஞ் செய்யணும்." ஒயரின் முனையில் இருந்த சிறு நாக்கை நகத்தால் நிமிர்த்தித் தள்ளினாள். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. இழுத்துக் காட்டிவிட்டு ஓடிப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நன்றி சொல்லக்கூட நேரமில்லை.

கடைக்காரர் மறுபடி கிளப்பிக் கொடுத்தார். மீட்டர் 13.1, 13.6, 14.2 என்று ஏறியது. முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் வரைந்த மின்சாரம், முதல்முறையாக உயிருள்ள ஒன்றைப் போல எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்தபோது சாலையில் பஸ் பின்னால் பஸ்ஸாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு சன்னலிலும் அப்படிப்பட்ட விரல்கள்.

கோயிலை 8.25க்கு அடைந்தேன். மொத்தம் 37 கி.மீ.; டீ மூன்று ரூபாய். திரும்பும்போது விளக்கை அணைத்தே ஓட்டினேன்.

மாலையில் மெக்கானிக் கடை வாசலில், வாழ்க்கையில் முதல்முறையாக, பேட்டரி மாற்றும்போது அவர்தான் பிளக்கைத் தளர்த்திவிட்டார் என்று நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தினேன். "அந்தப் பிளக்க நான் தொடவே இல்ல சார்" என்றார். நான் நம்பவில்லை. மகனிடமும் நடந்ததைச் சொன்னேன். "மெக்கானிக் தப்புன்னா உங்கள என்ன சொல்றது? வண்டி இருக்கட்டும்ப்பா" என்றான்.

இனி, போகிறவர்களுக்கு. காலை எட்டு மணியை ஒட்டி ஷிப்ட் மாறும். கம்பெனி பஸ்களுக்கு வழிவிடுங்கள். பேட்டரி வோல்ட்டை வண்டி நிற்கும்போது பார்ப்பது போதாது, ஓடவிட்டும் பாருங்கள். ஏறாவிட்டால் புதுப் பேட்டரி வாங்கும் முன் ரெகுலேட்டர் பிளக்கின் ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, பழைய பேட்டரி எப்போது இறங்கத் தொடங்கியது என்று பார்க்க நோட்டைப் புரட்டினேன். அது இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ரெகுலேட்டர் பிளக். சிவப்பு ஒயர் முனை கறுத்திருந்தது. ஊசியால் வெளியே எடுத்துத் துடைத்து, உடையாதபடி மெதுவாகச் சொருகினேன்."

மெதுவாக. சத்தம் கேட்கும்வரை தள்ள எனக்குப் பயம்.

ஆகவே மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அதை அழிக்காமல் விடுகிறேன். நாளை கடை திறந்ததும் மெக்கானிக்கிடம் போகிறேன். அந்த நாலு பேரும் இருந்தால் நல்லது. என் மகன் இந்த வலைப்பக்கத்தைத் தவறாமல் படிப்பவன். தம்பி, வண்டி நின்றது என் கையால்தான். நிபந்தனை உன்னுடையது. நீ சொல்லும்வரை சாவியைத் தொட மாட்டேன்.