லவினாவுக்கு வகுப்பில்லாத ஊர்

உங்கள் பிள்ளை எந்த மொழியில் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்பதை உங்கள் வீட்டு வாடகை தீர்மானித்தால் சம்மதிப்பீர்களா? கோபம் வருகிறதல்லவா? கொன்ஸ்ரன்ஸிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

கொன்ஸ்ரன்ஸ் வெள்ளவத்தையில், காலி வீதியோரத்து அச்சுக் கடை ஒன்றில் கணினியில் தமிழ் தட்டச்சு செய்பவர். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எல்லாம் அவருடைய விரல்கள் வழியாகத்தான் அச்சுக்குப் போகின்றன. அச்சுப் பிழைபட்ட தாள்களை மகள் லவினாவுக்குப் படம் கீறக் கொண்டுபோவார். ஒரு பக்கத்தில் யாரோ ஒருவருடைய மரணம் இருக்கும். மறுபக்கத்தில் லவினா கீறிய வீடு, புகைக்கூண்டோடு.

கணவர் நோபேட் ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்ட் ஒன்றின் வாசலில் லொறிகளைப் பதியும் கிளார்க். இருவரும் கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கத்தோலிக்கக் கோவிலில் திருமணம் செய்து, ஜம்பட்டா வீதிக்கு உள்ளே ஓர் ஒழுங்கையில் இரண்டு அறைகளில் வாழ்ந்தவர்கள். வீட்டுக்காரர் இறந்ததும் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் காணியை விற்றார்கள். அங்கே இப்போது தொடர்மாடி எழும்புகிறது. அக்கம்பக்கத்தில் கேட்ட வாடகை, கேட்டவுடனேயே படியிறங்க வைத்தது. களனி ஆற்றைத் தாண்டி ஹெந்தளையில் தேடியும் வாடகை எட்டவில்லை. கடைசியில் ராகமையிலிருந்து உள்ளே, பஸ் போகும் பாதையோரம் ஒரு சிறிய வீடு கிடைத்தது. முற்றத்தில் கிணறு, பின்னால் வாழை.

வீட்டுக்கு முற்பணம் கொடுக்க முன்பு இருவரும் பயணத்தைப் போய்ப் பார்த்தார்கள். ரயிலில் நோபேட் தெமட்டகொடையில் இறங்கலாம். கொன்ஸ்ரன்ஸ் மருதானையில் மாறி, கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்குப் போகலாம். நின்றுகொண்டுதான் போக வேண்டும், ஆனாலும் போகலாம். நாலு வயது லவினா அடுத்த ஜனவரியில் கொட்டாஞ்சேனையில் தாய் படித்த பாடசாலையில் சேர்வாள். காலையில் தாயோடு வருவாள். பாடசாலை விட்டதும் நோபேட்டின் தங்கை நேசத்தின் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குவாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

குடிபோன வாரமே நோபேட் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் குடும்பத்தைப் பதிந்தார். பிறகு கிராம சேவகரிடம் போய் வாக்காளர் இடாப்பில் இருவருடைய பெயர்களையும் புதிய முகவரிக்கு மாற்றினார். ஒருவரும் அவரை வற்புறுத்தவில்லை. கொழும்பைவிட்டு வெளியேறும் தமிழர் பலர் அதைச் செய்வதுமில்லை. முகவரி பார்த்துத்தான் பாடசாலையில் சேர்ப்பார்கள் என்பதால், பிள்ளைக்காகப் பெயரைப் பழைய முகவரியிலேயே விட்டுவைப்பார்கள்.

நோபேட்டால் அது முடியாது. போர்க்காலத்தில், இளைஞனாக, வெள்ளவத்தையில் நண்பன் ஒருவனின் அறையில் தங்கியிருந்தபோது பொலிஸ் சோதனை நடந்தது. அந்த வீட்டில் தங்குவோர் என்று பொலிஸில் பதிந்த பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. அந்த ஒரு குற்றத்துக்காகக் கொண்டுபோனார்கள். விட்டபோது அவருடைய இடது காதில் கேட்கும் திறன் இல்லை. அன்றிலிருந்து, எங்கே படுக்கிறாரோ அங்கே பெயர் இருக்க வேண்டும் அவருக்கு.

கொட்டாஞ்சேனைப் பாடசாலையின் நேர்முகத்தில் இருந்த ஆசிரியை, தன்னிடம் படித்த கொன்ஸ்ரன்ஸை அடையாளம் கண்டார், கதிரை கொடுத்தார், வீட்டு விபரம் கேட்டார். பிறகு தாள்களை மெல்ல அடுக்கித் திருப்பித் தந்தார்.

"நீங்க இப்ப எங்கட ஏரியா இல்லயே, மகள். பேரை எடுக்காம விட்டிருக்கலாமே."

அன்று பின்னேரம் நேசத்தின் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நேசம் தமையனைச் சும்மா விடவில்லை.

"பக்கத்து வீட்டுப் பிறெடி கனடாவுக்குப் போய் எத்தின வருஷம்? அவன்ட பேர் இன்னும் ஜம்பட்டா ஸ்ரீட்லதான் இருக்கு. உங்களுக்குத்தான் அண்ணா, கவர்மென்ட் மெடல் தரப் போகுது."

"பொலிஸ் வந்து தட்டுறது பிறெடியின்ட கதவிலயா?" என்றார் நோபேட்.

நேசம் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போகச் சொன்னார்கள் உறவினர். கொன்ஸ்ரன்ஸ் போனார், மெழுகுதிரி கொளுத்தினார், அழுதார். அழ ஓர் இடம் வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையைத் திருத்திய புனிதர் எவரையும் நான் அறியேன். எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்றார் ஒரு பெரியவர். இதில் ஆண்டவரை இழுக்காதீர்கள். இது மனிதர் போட்ட விதி, மனிதர் விதைத்த பயம்.

புதிய வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் நல்ல பாடசாலை ஒன்று இருக்கிறது. அங்கே சிங்கள மொழி வகுப்புகள் மட்டுமே. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் அன்பானவர். தன் மகளோடு லவினாவையும் கூட்டிப் போவதாகச் சொன்னார், தமிழை வீட்டில் கதைத்தால் போதும்தானே என்றார். கொன்ஸ்ரன்ஸ் ஒருநாள் லீவு போட்டுக்கொண்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், ஒரு தமிழ் வகுப்புத் திறக்க முடியாதா என்று கேட்டார். அந்தப் பகுதியில் அதற்குப் போதிய தமிழ்ப் பிள்ளைகள் இல்லை என்று பதில் வந்தது.

"அப்ப காலையில என்னோட ட்ரெயின்ல நின்டு நித்திரை கொள்ளுற பிள்ளைகள் ஆரு, சேர்?"

அவர்கள் கொழும்பில் பதிந்தவர்கள், எங்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்றார் அதிகாரி. அவர் சொன்னது பொய்யல்ல. ஒவ்வொரு தாயும் தகப்பனும் தம் பிள்ளையைக் காப்பாற்றப் பெயரைப் பழைய முகவரியில் ஒளித்துவைக்கிறார்கள். அதனால் புதிய ஊரில் தமிழ்ப் பிள்ளையே இல்லை. பிள்ளை இல்லாத ஊரில் வகுப்பும் இல்லை.

ஜனவரியில் லவினா அந்தப் பாடசாலைக்கே போனாள், விட்டதும் பக்கத்து வீட்டில் இருந்தாள். கெட்டிக்காரி. சில வாரங்களிலேயே ராகமை ரயில் நிலையப் பலகையில் சிங்களத்தைப் படித்துக் காட்டினாள். கொன்ஸ்ரன்ஸ் கைதட்டினார். சிங்களம் கற்பதில் என்ன குறை? அழகான மொழி, நாட்டில் வாழ வேண்டிய மொழி. தாய்க்கும் தகப்பனுக்கும் வேறு தெரிவே இல்லாமற் செய்ததுதான் அநியாயம்.

கொன்ஸ்ரன்ஸ் வீடு வந்து சேரும்போது பெரும்பாலும் பிள்ளை தூங்கியிருப்பாள். கிடைப்பது ஞாயிறு மட்டும்தான். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, அவளைப் பாயில் இருத்தி அகரம் எழுதப் பழக்கினார். இரண்டு வரி எழுதிவிட்டு லவினா பென்சிலை வைத்தாள்.

"அம்மா, இது எங்கட ஸ்கூல்ல இல்லதானே. இத வச்சு என்ன செய்யிறது?"

நாள் முழுக்கத் தமிழைத் தட்டிப் பிழைக்கும் கொன்ஸ்ரன்ஸ் கொப்பியை மூடிவைத்தார். பிள்ளையை விளையாட அனுப்பினார். வாசலில் நின்ற நோபேட் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், நல்ல காதால்.

"என்னாலதான்" என்றார்.

"உங்களால இல்லயப்பா. உங்கள அடிச்சவங்களால."

திங்கட்கிழமை விடிந்தால் ரயில் இருக்கிறது. லவினா தமிழ் பேசுகிறாள். வாசிக்க அவளுக்குத் தெரியாது. தாய் அச்சிடும் எதையும் அவள் ஒருநாளும் வாசிக்காமல் போகக்கூடும்.

இதை வாசிக்கும் நீங்களும் வாடகை தாங்காமல் களனி ஆற்றைத் தாண்டியவராக இருந்தால், உங்கள் பெயரை நீங்கள் வாழும் ஊருக்கு மாற்றுங்கள். தனியாக மாற்றாதீர்கள். தனியாக மாற்றியவருக்கு என்ன நடந்தது என்று பார்த்தீர்கள். நாளைக் காலை ரயிலில் உங்கள் பக்கத்தில் நின்று தூங்கும் தமிழ்ப் பிள்ளையின் தாயோடு பேசுங்கள், இன்னும் நாலு குடும்பங்களைத் தேடுங்கள், எல்லோரும் ஒன்றாகக் கல்வி அலுவலகத்துக்குப் போய், பிள்ளைகளையும் முன்னால் நிறுத்தி, வகுப்பைக் கேளுங்கள்.