சோத்துக்கைக் கத்தி

சிதம்பரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டிக் கிள்ளைக்குப் போகும் சாலையில் மங்கலத்தின் பட்டறை. பெயர்ப்பலகையில் என்னவோ புருஷன் காத்தவராயன் பெயர்தான். இரும்பைக் காய்ச்சி அடிப்பதும் அவன்தான். அவன் அடித்துப் போட்டதைக் கத்தியாக்குவது மங்கலம். சாணை பிடிப்பது, பிடி செதுக்குவது, எண்ணெய்க்கல்லில் தீட்டி முன்கை முடியை வழித்துப் பார்ப்பது எல்லாம் அவள் வேலை.

ஸ்ரீமுஷ்ணத்தில் பிறந்தவள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கத்தி சரியில்லை என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் தொலைந்தார்கள். "கத்தி மேல குத்தமில்ல, உன் கை மேலதான் குத்தம்" என்று ஆரம்பித்தால், வந்தவர் கத்தியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகும்வரை ஓயமாட்டாள். பெரும்பாலும் அவள் சொல்வது உண்மையாகவே இருந்துவிட்டதால் அந்தத் திமிரை அடக்க ஆளில்லை.

2009 ஏப்ரலில் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவள் ஜெயராணி. மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவள்.

"கிள்ளைல எங்க சித்திகிட்ட உங்க கத்தியப் பாத்தேன்க்கா. துண்டு போட அதே மாரி எனக்கு ஒன்னு வேணும். பழைய கத்தி எனக்கு இப்ப ஒத்துவரல."

"எந்தக் கைக்கு?"

மங்கலம் காரணமாகத்தான் கேட்டாள். துண்டு போடும் கத்தியை அவள் ஒருபக்கம் மட்டும் சரிவாகத் தேய்ப்பாள், மறுபக்கத்தைத் தட்டையாக விடுவாள். எந்தக் கையால் வெட்டுகிறோமோ அந்தப் பக்கம் சரிவு இருந்தால்தான் துண்டு நேராக விழும். கை மாறினால் கத்தி தன் இஷ்டத்துக்கு ஓடும்.

 "சோத்துக்கைக்குத்தான்க்கா" என்றாள் ஜெயராணி. "மீன்புடித் தடைக்காலம் முடிஞ்சு போட்டுங்க கடலுக்குப் போயி வர்ற அன்னிக்கு நான் பலகைல உக்காந்தாவணும். இல்லன்னா என் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. எங்க வீட்டுல அந்தப் பலகைதான் எல்லாம்."

அந்தக் குரலில் இருந்த பதற்றம் மங்கலத்தைத் தொற்றிக்கொண்டது. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதை எடுத்தாள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காத்தவராயன் காய்ச்சி நீட்டி, எண்ணெயில் முக்கிக் கொடுத்தான். மங்கலம் அதை மெல்லிய சூட்டில் பொன்னிறம் வரும்வரை வாட்டி எடுத்தாள். அதற்கு மேல் போனால் முனை மழுங்கும், கீழே நின்றால் உடையும். பிறகு வலப்பக்கம் முழுக்கச் சரித்துத் தேய்த்து, கருவேல மரத்தில் பிடி செதுக்கிப் பித்தளை ஆணி அறைந்தாள். ஈரக்கையில் வழுக்காமலிருக்கப் பிடியில் வரி வரியாகக் கீறிவிட்டுக் கடலை எண்ணெய் தேய்த்தாள். தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. "இதுல வெட்டுற மீனுக்கு வலிக்கவே வலிக்காது" என்று புருஷனிடம் பீற்றிக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் ஜெயராணி வந்தாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். இன்னொரு கையில் பையும் அதற்குள் வெட்டிப் பார்க்க ஒரு கொடுவா மீனும். கத்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இடது கையால் அதை எடுத்தாள். மங்கலம் அடுப்படியில் பலகை தேடிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

பலகையோடு வந்து வைத்துவிட்டு, அவள் தண்ணீர் கொண்டுவரத் திரும்பினாள். வந்து பார்த்தபோது மூன்று துண்டு விழுந்திருந்தது. எல்லாம் மேலே விரல் தடிமன், கீழே அப்பளம். ஜெயராணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"கத்தி மேல குத்தமில்லக்கா. என் கைதான். ஐஸ் ஒடைக்கிற மிஷின்ல வெரலு போச்சு. மூணு மாசமா பழகுறேன், பழைய கத்தியிலயும் இப்பிடித்தான் வருது. புதுசுன்னா வருமோன்னு பாத்தேன். இனிமே நமக்கு அந்தப் பலகை இல்ல."

முந்தானை விலகியிருந்தது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

"நீ சோத்துக்கைன்னுதான சொன்ன?" என்றாள் மங்கலம்.

"ஆமா. இதாலதான சாப்பிடுறேன்" என்று ஜெயராணி இடது கையைக் காட்டினாள். "ஆஸ்பத்திரியில இருக்கும்போது எங்கம்மா சொல்லிச்சு, இனிமே இத பீச்சாங்கைன்னு யாரும் சொல்லக்கூடாது, இதான் உன் சோத்துக்கைன்னு. எங்க வீட்டுல எல்லாரும் அப்பிடியேதான் சொல்றோம்."

மங்கலத்துக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பட்டறை அதிரக் கத்தினாள்.

"அடிப்பாவி, உன் கையில ஒரு குத்தமும் இல்லடி! கத்திதான் தப்பு! ஏங்க, இங்க வாங்க, கத்தி தப்பாப் போச்சு!"

காத்தவராயன் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டறியாத வார்த்தை அது. "என்னா சொன்ன? இன்னொரு தரம் சொல்லு" என்றான்.

"அப்புறம் சொல்றேன், மொதல்ல உலையப் பத்த வைங்க."

சரிவை மாற்றித் தேய்த்தால் தகடு பாதியாகிவிடும் என்பதால் புதிதாகவே அடித்தார்கள். மதியம் மூவரும் அந்தக் கொடுவாவையே குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். கோணல் துண்டுகளை மங்கலம் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். ஜெயராணி இடது கையால் சிந்தாமல் பிசைந்து உண்டதை இந்த முறை நன்றாகவே பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் கத்தி ஆனது. இடப்பக்கம் சரிவு. எடுத்து வைத்திருந்த வால்பக்கத்தில் ஜெயராணி அழுத்தினாள். துண்டு நேராக விழுந்தது. நம்பாமல் இன்னொன்று போட்டாள். அதுவும் நேர்தான்.

ஜூனில் மங்கலம் கடலூருக்குப் போனபோது மார்க்கெட்டை எட்டிப் பார்த்தாள். ஜெயராணி தன் இடத்தில் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற பெண்மணி முகம் சுளித்தாள்.

"என்னாம்மா, பீச்சாங்கையால வெட்டுற?"

ஜெயராணி தலையை நிமிர்த்தாமல் அடுத்த துண்டைப் போட்டாள்.

"சோத்துக்கைதாம்மா. எங்க வீட்டுல அஞ்சு பேரும் இதாலதான் சாப்பிடுறோம்."