அந்தக் கம்பளிப் படம் குமரேசன் அண்ணன் எடுத்ததல்ல

குமரேசன் அண்ணன் போய்விட்டார்... இன்று விடியற்காலை. நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏற்றினார்களாம், ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை.

கள்ளக்குறிச்சியில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பேப்பருக்குப் போட்டோ எடுத்துக் கொடுப்பவர். எங்களுக்கு அடுத்த தெரு.

நான் போடும் கோயில் படங்களுக்கு நீங்கள் லைக் போடுகிறீர்களே, அந்த வித்தையில் பாதி அவர் போகிற போக்கில் சொன்னது. மீதி நானாகத் தட்டித் தட்டிப் பழகியது.

ஒரு ஆடி மாதம் அம்மன் ஊர்வலத்தை போனில் எடுத்து அவரிடம் பெருமையாக நீட்டினேன்.

"இன்னாம்மா தங்கச்சி, ஆத்தாவ ஓரமா தள்ளிட்டு ஸ்பீக்கர் பாக்ஸ நடுவுல வச்சிருக்க? அதுக்கா கூழு ஊத்துன?"

சிரித்துவிட்டு அவரே சொன்னார். "வெரலால இழுத்து இழுத்து பெருசாக்காத, ரெண்டு எட்டு நடந்து கிட்ட போ. வெயிலு உன் முதுவுப் பக்கம் இருக்கட்டும். கொழந்தய எடுத்தா கொழந்த ஒசரத்துக்குக் குந்து."

அப்புறம்... "ஆளுங்கள எடுக்கறதுக்கு முன்னாடி கேளும்மா. வாயி சரின்னும், கண்ணு வேணான்னும். கண்ணு சொல்றததான் கேக்கணும்."

இதைத்தான் நான் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் அடைமழை. எங்கள் தெரு அம்மன் கோயில் மகளிர் குழுவில் கல்வராயன் மலைக்குக் கம்பளி கொண்டுபோனோம். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊர். பேர் எழுதவில்லை, அண்ணன் இருந்தால் எழுதாதே என்றுதான் சொல்வார்.

வழிகாட்ட அவரும் வந்தார். அந்த ஊர்த் திருவிழாவை வருஷா வருஷம் எடுத்து, பிரிண்ட் போட்டு, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பவர். சுவரெல்லாம் அவர் எடுத்த படம்தான். கொடுக்கப் போன எங்களை உட்காரவைத்து முதலில் சாமைச் சோறு போட்டது அந்த ஊர்.

குழுவின் கணக்கு நோட்டு என்னிடம். நாற்பது கம்பளி என்றால் நாற்பது முகம், யாரும் நாளைக்கு ஒரு கேள்வி கேட்கக் கூடாது... இது என் புத்தி.

அண்ணன் பையிலிருந்து கேமராவையே எடுக்கவில்லை. "மூஞ்சி எதுக்கும்மா? கையும் கம்பளியும் தெரிஞ்சா போதாதா? நோட்டுல கையெழுத்துதான வாங்குற, மூஞ்சியவா ஒட்டிக்கினு இருக்க?" என்றார். பிறகு கீழே இறங்கிப் போய் மழையில் அரித்துப் போன ரோட்டை எடுத்தார். மறுநாள் பேப்பரில் வந்தது அதுதான்.

நான் முகங்களை எடுத்தேன்.

காலேஜ் படிக்கும் ஒரு பெண், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தான் வாங்க வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் தாடையைத் தொட்டுத் திருப்பினேன். "இப்டி பாரும்மா, லேசா சிரி."

சிரித்தாள்... கண் சிரிக்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

நாற்பதையும் குழுவின் பேஜில் போட்டு 'எல்லாம் அவள் அருள்' என்று எழுதினேன்.

அந்தப் பெண்ணின் படம்தான் ஊரெல்லாம் சுற்றியது. வெளிச்சம், உயரம் எல்லாம் அண்ணன் சொன்னபடி விழுந்திருந்தது. அதனால் அவர் எடுத்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

அவளுடைய காலேஜ் குரூப்புக்கும் போனது. "கம்பளி, கம்பளி" என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைக்கே திரும்பிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவள் அப்பா அண்ணனைப் பிடித்துக்கொண்டார். நான் காய்கறிப் பையோடு நாலு அடி தள்ளி நிற்கிறேன்.

"எங்க வூட்ல சோறு துன்னுட்டு எங்க புள்ளய ஏன்யா ஊர் சிரிக்க வச்ச? இனிமே கேமராவத் தூக்கிக்கினு மலை ஏறிப் பாரு!"

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு அவரிடம் திரும்பி, "தப்புதாங்க. அழிச்சிடச் சொல்றேன்" என்றார்.

நான் எடுத்தது என்று வாய் வரை வந்தது. குழுவின் பேர், வீட்டுக்காரர் பேர்... விழுங்கிவிட்டேன்.

என்னைத் தாண்டிப் போகும்போது, "இப்பவே அழிச்சிடும்மா" என்றார். அவ்வளவுதான். அங்கேயே நின்று நாற்பதையும் அழித்தேன்.

அடுத்த திருவிழாவுக்கு அவர் மலைக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பிரசாதப் பொங்கலைக் கொடுத்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று பேசிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று துக்க வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மலைக்கும் சொல்லி உட்டோம்மா. ஒருத்தரும் வர்லன்னுட்டாங்க. அந்தப் படத்த இவரு எடுக்கலம்மா. எங்கிட்ட மட்டும் சொன்னாரு. அப்ப யாருன்னு கேட்டா, 'உடு, தெரியாம பண்ணிட்டாங்க'ன்னு போய்க்கினே இருந்தாரு..."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து விளக்கேற்றப் போனேன். கை வரவில்லை.

அந்தப் படத்தை எடுத்தது நான். அழிக்கும்வரை அது என் போனில்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் தாடையைத் திருப்பியது இந்தக் கைதான்.

தெரியாமல் செய்யவில்லை அண்ணே.

அண்ணியிடம் இதைப் படித்துக் காட்டிவிட்டு, நாளைக்கு முதல் பஸ்ஸில் மலைக்குப் போகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். அவரைப் பற்றி இனி ஒரு தப்பான சொல் வேண்டாம்.

அண்ணே... நேரில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கிளம்பிய பிறகு சொல்கிறேன்.