டப்பாவின் அடியில் திராட்சை

என் அண்ணி ரயில் நிலையத்தில் தவறவிட்ட பொருள்களுக்கான கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். அண்ணி என்று பேர்தானே ஒழிய எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அதனால் நேரில் ‘நீங்க’, முதுகுக்குப் பின்னால் ‘அவள்’ என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, சாப்பாட்டுப் பை எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். ஒருமுறை பல்செட் ஒன்று வந்தது. மறுநாள் ஒருவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். அவர் கையை எடுக்கும் முன்பே அண்ணி அதை எடுத்து நீட்டிவிட்டாள். பொருளைப் பார்த்து ஆளைச் சொல்வதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. குடையின் கைப்பிடி தேய்ந்திருப்பதை வைத்து, இவர் இடதுகைக்காரர், அவசரக்காரர், வீட்டில் யாரோடும் பேசாதவர் என்றெல்லாம் அளப்பாள். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் அண்ணன் மாரடைப்பில் போனபோது அவர்கள் பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். ஒரே பையன். அப்பா இல்லாத பிள்ளை, அப்பா இல்லாத பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் ஏதாவது சொன்னால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வளர்ந்து பார்சல் வண்டி ஓட்டினான். குடித்தான். குடித்துவிட்டு ஓட்டினான்.

ஒரு மழை நாள் சாயங்காலம், வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு காவலாளியை இடித்துத் தள்ளிவிட்டு, நிறுத்தாமல் வீட்டுக்கு வந்துவிட்டான். வண்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினான். “யாராச்சும் வந்து கேட்டா, மத்தியானத்துலேருந்து காய்ச்சல்ல படுத்திருக்கேன்னு சொல்லும்மா” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். போலீஸ் வந்தது. அண்ணி கதவுப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். “இருட்டின பிறகுதான் வந்தான். வண்டியோட முன்கண்ணாடி உடைஞ்சிருக்கு” என்றாள்.

அந்தக் காவலாளி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவருக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். கோர்ட்டில் எங்களுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பு சொன்ன அன்று பையன் அண்ணியைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி, “எனக்கு அம்மா கிடையாது” என்றான். எனக்குக் கை பரபரத்தது. அவனுக்கு ஒன்று வைத்திருப்பேன், இடையில் கம்பி இருந்தது.

ஏன் அப்படி உண்மையைச் சொன்னீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. அவளாகவே ஒருநாள் சொன்னாள். “கவுன்ட்டர்ல வந்து கேக்குறவங்ககிட்ட, இருக்குற பொருளை இல்லைன்னு நான் ஒருநாளும் சொன்னதில்லை. வாய் வரலை.”

மாதம் ஒருமுறை சிறைக்குப் போவாள். பார்வையாளர் கூடத்தில் பேரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். கடைசியில் ஒரு காவலர் வந்து, அவருக்கு வர விருப்பமில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போவார். ஒவ்வொரு மாதமும் இதே கதைதான். ஆனால் வீட்டில் செய்த உலர்ந்த தின்பண்டத்தை, உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் போட்டுக் கொடுக்கலாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஓட்ஸ் பிஸ்கட் என்றால் உயிர். அண்ணி வீட்டில் ஓவன் இல்லை. என் வீட்டில்தான் உண்டு. என் கணவர் ஆசை ஆசையாய் வாங்கி, இரண்டு தடவை ரொட்டி சுட்டு, இரண்டையும் கரியாக்கி, அதற்குப் பிறகு அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்க ஆரம்பித்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தத் தாள்களை இறக்கி வைப்போம்.

அண்ணி ஓட்ஸை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுப்பாள். பாதியை மிக்சியில் பொடித்து, பாதியை அப்படியே விடுவாள். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, முட்டை உடைத்து ஊற்றி, பட்டைப் பொடி ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை. பாதாமும் முந்திரியும் வால்நட்டும் கத்தியால் நறுக்குவாள். பேரீச்சையைக் கொட்டை நீக்கிக் கிள்ளிப் போடுவாள். கடைசியில் உலர்திராட்சை. உருட்டித் தட்டில் வைத்து உள்ளங்கையால் லேசாக அமுக்குவாள். ஓரம் சிவந்து நடுவில் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆற ஆற அதுவே இறுகிக்கொள்ளும். இன்னும் வேகவில்லையே என்று நான் முதல் தடவை கத்தினேன். “நீ சும்மா இரு” என்றாள்.

முதல் மாதம் கொடுத்த டப்பா அடுத்த மாதம் திரும்பக் கிடைத்தது. அன்று அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. பேருந்திலிருந்து இறங்கி நேராக என் சமையலறைக்கு வந்து மேசைமேல் டப்பாவை வைத்தாள். அடியில் கொஞ்சம் தூள். தூளோடு காய்ந்து சுருங்கிய திராட்சைகள், ஒரு கைப்பிடி.

“பாத்தியா? பொறுக்கி வச்சிருக்கான்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

எனக்கும் புரிந்தது. அந்தப் பையனுக்குத் திராட்சை ஆகாது. பிஸ்கட்டைப் பிட்டுப் பிட்டு, திராட்சையைத் தோண்டி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பான். யாரும் பார்க்காவிட்டால் மேசைக்கு அடியில் ஒட்டிவிடுவான். நானே எத்தனை தடவை சுரண்டித் துடைத்திருக்கிறேன்! ஆக, முகம் காட்டாவிட்டாலும் தின்கிறான். அண்ணிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தன் கையால் செய்ததை அவன் தின்கிறான் என்று தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் திராட்சை திரும்பி வந்தது. “பிடிக்காதுன்னு தெரிஞ்சும் ஏன் அண்ணி போடுறீங்க?” என்று கேட்டேன்.

“போடலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

தெரிந்துகொண்டதோடு விட்டாளா? குடைக்கைப்பிடியைப் படிக்கிறவள் ஆயிற்றே! ஒரு மாதம் திராட்சைகள் நசுங்கியிருந்தால் கோபமாக இருக்கிறான் என்பாள். மறு மாதம் முழுசாக வந்தால் கொஞ்சம் ஆறியிருக்கிறான் என்பாள். ஒருமுறை ஒரு பாதாம் துண்டும் கூடக் கிடந்தது. அவனுக்குப் பல் வலி என்று முடிவு கட்டி, ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். கேலி செய்ய எனக்கு நாக்கு துடித்தது. செய்யவில்லை. அந்த டப்பா வந்த நாள்களில் மட்டும்தான் அவள் தலையை வாரி ஒழுங்காகப் பின்னிக்கொண்டாள்.

போன குளிர்காலத்தில் ஒரு மாதம் டப்பா சுத்தமாகத் திரும்பி வந்தது. திராட்சை இல்லை. தூள்கூட இல்லை.

என் கணவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “மிச்சம் வைக்காம சாப்பிட்டிருக்கான்! நல்ல சேதிதானே தங்கச்சி?” என்றார். அண்ணி தலையாட்டினாள். அவர் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்தாள். “அவன் திராட்சை தின்ன மாட்டான். அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு. அடுத்த தடவை நீயும் கூட வா.”

போனேன். நீளமான கூடம், கிருமிநாசினி வாடை, சுவரோரமாகத் தரையோடு அறைந்த நாற்காலிகள். டப்பா வாங்கும் கவுன்ட்டரில் அண்ணி எப்போதும் சொல்லும் மீசைக்காரர் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டாராம். அந்த இடத்தில் புதிதாக ஒரு காவலர், எங்கள் பையன் வயதுதான் இருக்கும். சிரித்த முகம்.

“தம்பி, போன மாசம் இந்த டப்பாவைக் கழுவினது யாரு?” என்று அண்ணி கேட்டாள்.

“கழுவலையேம்மா, துடைச்சுத்தான் வச்சேன். தூள் கெடந்தா எறும்பு வருது.”

“நீங்களா? உள்ளேருந்து வரும்போது அதுல எதுவும் இல்லையா?”

“உள்ளேயா? டப்பா எங்கம்மா உள்ள போகுது? பிஸ்கட்டை உடைச்சுப் பாத்துட்டு, காகிதப் பையில கொட்டி, நம்பர் போட்டு அனுப்புவோம். டப்பா இந்தா, இந்த அலமாரியிலதான் கெடக்கும்.” திரும்பிக் கைகாட்டினார். பத்துப் பதினைந்து டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

“அப்போ திராட்சை?”

“அதுவா? மீசைக்காரரு பொறுக்கி டப்பாவுலயே போட்டிருப்பாரு. காய்ஞ்ச திராட்சையை உள்ள விடக்கூடாதுன்னு பழைய விதி ஒண்ணு. ஊற வச்சுச் சாராயம் காய்ச்சிடுவாங்களாம். அவரு ரொம்பக் கறார். பிஸ்கட்டுக்குள்ள இருக்குற திராட்சையில எவன்மா காய்ச்சப் போறான்? நான் அப்படியே அனுப்பிட்டேன்.”

நசுங்கிய திராட்சை மீசைக்காரரின் கோபம். முழுத் திராட்சை மீசைக்காரரின் சாந்தம். வேறு யாருக்கு இது நடந்திருந்தாலும் நான் சிரித்திருப்பேன். அண்ணி கவுன்ட்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அவன் சாப்பிடுறானா தம்பி?”

அந்தக் காவலர் என்னைப் பார்த்தார். எனக்குச் சுற்றி வளைப்பது பிடிக்காது. சொல்லுங்கள் என்றேன்.

“அவரு பையை வாங்குறதே இல்லம்மா. ஆரம்பத்துலேருந்தே வேண்டாம்னுட்டாராம். அது அங்க இருக்குற ஆஸ்பத்திரி வார்டுக்குப் போயிடும்.” எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லதாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று தவித்தார். “அங்க ஒரு பெரியவர் இருக்காரு. பல்லே கெடையாது. போன மாசம் திராட்சையோட வந்ததுல அவருக்கு ரொம்ப சந்தோஷம். பருப்பை மட்டும் இன்னும் பொடியா நறுக்கச் சொல்லுங்கன்னாரு.”

திரும்பும் வழியில் பேருந்தில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் என்னென்னவோ பேசினேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இறங்கும் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

“இத்தனை நாளும் அவனுக்குப் பிடிக்காததைப் போட்டே செஞ்சிருக்கேன். எனக்குத் தெரியணுமேன்னு.”

அவன் ஒரு துண்டைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லையே, அதில் என்ன இருந்தால் அவனுக்கென்ன என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் ஆறுதலா, கொலையா என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டேன்.

இனி ஓவன்மேல் தாள்களை நிரந்தரமாக அடுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை பையோடு வந்து நின்றாள். பாதாமையும் முந்திரியையும் மிக்சியில் போட்டு ரவை மாதிரி உடைத்தாள். திராட்சையை வெந்நீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றி, வழக்கத்தைவிட இரண்டு பங்கு போட்டாள்.

“யாருக்கு அண்ணி?”

“அந்தப் பெரியவருக்கு. ஆசையாக் கேட்டிருக்காரே.”

மாவில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதில் திராட்சை போடவில்லை. வால்நட்டைப் பெரிது பெரிதாக நறுக்கிப் போட்டாள், அவனுக்குப் பிடித்த மாதிரி. அதை ஒரு சின்ன டப்பாவில் கட்டினாள்.

சிறையில் அந்தச் சின்ன டப்பாவைப் புதுக் காவலரிடம் கொடுக்கும்போது அவள் குரல் நடுங்கவே இல்லை. “இதை அவன் கையிலயே கொடுங்க தம்பி. திராட்சை இல்லைன்னு சொல்லுங்க. வேண்டாம்னுட்டா வேற யாருக்கும் கொடுக்காதீங்க. எனக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.” அப்படியெல்லாம் செய்ய விதியில் இடமில்லை என்றார். பிறகு, பார்க்கிறேன் என்றார்.

மறு மாதம் எனக்கு உடம்பு சரியில்லை; அவள் தனியாகத்தான் போய்வந்தாள். சாயங்காலம் என் சமையலறை மேசைமேல் ஒரு காகிதப் பையை வைத்தாள். அதன்மேல் ஒரு நம்பர்.

“கையில கொடுத்தாராம். வாங்கிப் பிரிச்சுப் பாத்தானாம். அப்புறம் மடிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டானாம்.”

நான் அவனைத் திட்ட ஆரம்பித்தேன். எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அவள் தடுக்கவில்லை. நான் ஓயும்வரை காத்திருந்தாள். பையின் வாய் ஒழுங்காக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இரண்டு மடிப்பாக மடிக்கப்பட்டிருந்தது. இத்தனை காலத்தில் உண்மையிலேயே அவன் கை பட்டு வந்த பொருள் இது ஒன்றுதான். முன்பெல்லாம் என்றால் அந்த மடிப்பிலிருந்து ஒரு கதையே படித்திருப்பாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது சொல்ல மாட்டாளா என்று.

அவள் மடிப்பைப் பார்க்கவே இல்லை. பையை நடுவில் கிழித்தாள். உடைந்த பிஸ்கட்டில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து எனக்குக் கொடுத்தாள். தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

“நமுத்துப் போச்சு” என்றாள். “இருந்தாலும் வீணாக்க வேண்டாம், சாப்பிடு.”