சோயா படாத முட்டை

உடைத்த முட்டையைக் கெங் ஜூ முதலில் முகர்ந்து பார்ப்பார். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, மூக்கருகே கொண்டுபோய், திருப்தி ஏற்பட்டால்தான் அடுத்த கிண்ணத்தில் சேர்ப்பார். சமைக்கப்போவது இரண்டே முட்டை. அதுவும் எதிர்வீட்டுக் கோழி அன்று காலையில் இட்டது. ஆனாலும் முகராமல் விடமாட்டார். மலேசியாவில் தைப்பிங் மலைமேல் இருந்த விருந்தினர் விடுதியில் நாற்பத்தொரு வருஷம் காலை முட்டை கிண்டியவர் அவர். எண்பது முட்டைக்கு நடுவே ஒரு கூமுட்டை விழுந்தால் அன்றைய பொழுது என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வீட்டிலும் வெள்ளை ஏப்ரன்தான் கட்டிக்கொள்வார். உப்பை அடுப்பேற்றும் முன்பே போட்டு, ஒரு கரண்டி டின்பால் ஊற்றி, நுரை கிளம்பாமல் அடிப்பார். வெண்ணெய் உருகியதும், சத்தம் போடும் முன்னால், முட்டை சட்டிக்குள் இறங்கிவிட வேண்டும். "வெண்ண பேச ஆரம்பிச்சா தீ ஜாஸ்தின்னு அர்த்தம்" என்பார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கமாட்டார். மரக்கரண்டி அடியை வழித்துக்கொண்டே இருக்கும். சட்டி தீயின்மேல் இருக்கும் நேரத்தைவிடத் தீயை விட்டுத் தள்ளி இருக்கும் நேரம்தான் அதிகம். இன்னும் வேகவே இல்லையே என்று பார்க்கிறவர்கள் நினைக்கும்போது அடுப்பை அணைத்து, ஒரு துண்டு குளிர்ந்த வெண்ணெயைப் போட்டுக் கிளறி இறக்கிவிடுவார். மீதியைச் சட்டியின் சூடு பார்த்துக்கொள்ளும்.

அப்படி இறக்கிய முட்டையில் யாராவது சோயா சாஸ் ஊற்றினால் மனிதருக்குப் பொறுக்காது. விடுதியில் ஒருமுறை ஒரு பெரிய மனிதர் பாட்டிலைத் திறக்க, இவர் அடுப்படியிலிருந்து வந்து அதைக் கையிலிருந்தே பிடுங்கிவிட்டார். "மொதல்ல நாக்குல வச்சுப் பாருங்க. அப்புறம் பாட்டிலத் தேடுங்க." மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். மறுவாரமும் இவர் பிடுங்கினார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி யோக் முய். சந்தையில் மீன் வெட்டியவள். கையைப் போலவே வாயும் கத்திதான். கல்யாணமான முதல் வாரத்தில் ஆசையாக அவளுக்கு இந்த முட்டையைச் செய்து கொடுத்தார். அவள் தட்டை ஒருமுறை பார்த்தாள். "என்னாய்யா இது, கொழந்த கக்குன மாதிரி இருக்கு?" தட்டு நேராகப் பூனைக்குப் போயிற்று. மறுநாள் பன்றிக் கொழுப்பைக் காயவைத்து, ஓரம் மொறுமொறுவென்று சிவக்க முட்டை பொரித்து, கெட்டிச் சோயாவைக் கறுகறுவென ஊற்றி, இவரைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். அதோடு முப்பத்தெட்டு வருஷம் கெங் ஜூ வீட்டு அடுப்பைத் தொடவில்லை. யாராவது கேட்டால், "அது அவ அடுப்படி. நான் அங்க விருந்தாளி" என்று சொல்லிவிடுவார்.

நான்கு மாதத்துக்கு முன் யோக் முய்க்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது; அடுப்பு கெங் ஜூவின் கைக்கு வந்தது. பேச்சு நாலைந்து சொற்களாகச் சுருங்கியது. தொண்டையும் பலவீனமாகிவிட்டது. கடிக்கிற எதுவும் கூடாது; தண்ணீர் பிரிகிற எதுவும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வியாழக்கிழமைதோறும் வரும் தாதி ஹயாத்தி, உணவைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பாள். ஒரே திரளாக வழுக்கி விழவேண்டும். கெங் ஜூவின் முட்டை அப்படித்தான் விழுந்தது. "அங்கிள், நான் போற எந்த வீட்லயும் இப்படி ஒரு முட்டை கிடையாது" என்றாள் அவள். அத்தனை வருஷத் தொழிலும் இதற்காகத்தான் என்று கிழவர் பூரித்துப்போனார்.

யோக் முய் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கஞ்சியும் மூன்று வாய்க்கு மேல் இறங்கவில்லை. உடம்பு கரைந்து மணிக்கட்டில் எலும்பு துருத்தியது. போன வியாழன் ஹயாத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா மூக்கு வழியா குழாய்தான் அங்கிள். நாலு வாய் நல்லா முழுங்கினாகூடப் போதும், டாக்டர்கிட்டப் பேசிடுவேன்." பக்கத்துத் தெருவில் ஒருத்திக்குக் குழாய் போட்டு, அவள் பிடுங்கிப் பிடுங்கி எறிய, இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டி வைத்திருந்ததைக் கெங் ஜூ கண்ணால் பார்த்திருக்கிறார். யோக் முய்யின் கையை யார் கட்டுவது?

குறை முட்டையில்தான் என்று நினைத்தார். சல்லடையில் வடித்தார். வெண்ணெயை மாற்றினார். ஆறு நாளும் முந்தைய நாளைவிட மென்மையாகக் கிண்டினார். ஆறு நாளும் அவள் கிண்ணத்தைப் பார்த்து, கோணிய வாயால் ஒரே சொல்லைத்தான் சொன்னாள்.

"பூனை."

இந்த வியாழன் ஹயாத்தி வந்து குழாய்ப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். கெங் ஜூ அடுப்படிக்குப் போய், யோக் முய்யின் அலமாரியில் இருந்த கொழுப்பு டப்பாவை எடுத்தார். ஒரு முட்டையை அதில் ஓரம் கருகக் கருகப் பொரித்தார். வீடே மணத்தது. கட்டிலிலிருந்து முனகல் கேட்டது. பொரித்ததை ஒதுக்கிவிட்டு, அந்தக் கொழுப்பையே வெண்ணெய்க்குப் பதில் விட்டு, இரண்டு முட்டையை வழக்கம்போல் மெல்லக் கிண்டினார். கடைசியில் சோயா பாட்டிலைக் கையில் எடுத்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கரண்டி விட்டுக் கிளறினார். சேற்று நிறம். இப்படி ஓர் அலங்கோலத்தை வாழ்நாளில் அவர் இறக்கியதில்லை. கிண்ணத்தையும் பாட்டிலையும் கொண்டுவந்து கட்டிலருகே மேசைமேல் வைத்தார்.

பன்றிக் கொழுப்பின் வாசனை தெரிந்து, முஸ்லிமான ஹயாத்தி கொஞ்சம் தள்ளி நின்றாள். "நீங்களே சாய்ச்சுக் காட்டுங்க அங்கிள்." முட்டை திரளாக வழுக்கி விழுந்தது. "சரி, குடுங்க."

"முய், இது நீ செய்யிற மாதிரிதான். திட்டாம வாயத் தொற" என்றார் கெங் ஜூ. கரண்டியை அவள் மூக்கருகே கொண்டுபோனார்.

யோக் முய்யின் மூக்கு அசைந்தது. வாய் திறந்தது. ஹயாத்தி அவள் தொண்டையில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள். "எறங்கிடுச்சு." இரண்டு. மூன்று. நான்காவது வாய்க்குப் பிறகு ஹயாத்தி குழாய்ப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள். கெங் ஜூவின் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தாலா, அந்த முட்டையின் நிறத்தாலா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஐந்தாவது கரண்டி உதட்டருகே போனதும் யோக் முய் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னாச்சு முய்? தொண்டைல நிக்குதா?"

போர்வைக்குள்ளிருந்து அவள் இடக்கை மெல்ல வெளியே வந்தது. மேசை விளிம்பைத் தடவி, சோயா பாட்டிலைத் தொட்டு, புறங்கையால் அதை அவர் பக்கம் தள்ளியது.

கெங் ஜூ மூடியைத் திருகித் திறந்தார்.